மாசியில் விதை, வைகாசியில் போர்வை: மாடித்தோட்டமும் ஊசிநூலும் சேர்ந்த நான்கு மாதம்

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையும் வைகாசியும்தான். மொட்டைமாடியில் செடி வைத்திருப்பவர்களுக்கு அது மாசியிலேயே தொடங்கிவிடுகிறது. பனி விலகி, மல்லிகை துளிர்விட்டு, பகல் நீளும் நாட்கள் அவை. மாசி முதல் தேதியிலிருந்து வைகாசி முடிய நான்கு மாதத்தில் ஒரு சிறு தோட்டம், கொஞ்சம் பூத்தையல், பழைய பருத்திச் சேலைகளில் ஒரு வெயில்காலப் போர்வை ஆகிய மூன்றையும் முடிக்கும் முறையை இங்கே சொல்கிறோம்.

மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்கக் காரணம் வெயில்தான். செடிக்கு வேலை இருப்பது காலை ஆறிலிருந்து எட்டுவரை, மாலை ஐந்தரைக்கு மேல். நடுவில் மாடிப் பக்கம் போனால் செடிக்கும் நன்மையில்லை, நமக்கும் இல்லை. அந்த நடுப்பகல்தான் ஊசிக்கு. ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கும் பதினொன்றிலிருந்து மூன்றுவரை தைத்தால் கண்ணும் வலிக்காது.

அளவில் கட்டுப்பாடு வேண்டும். இருபத்தைந்து பைச் செடி, கட்டில் முழுக்க மூடும் பெரிய போர்வை, கட்டத்துக்குக் கட்டம் பூத்தையல் என்று இறங்குபவர்கள் பங்குனி பாதியிலேயே எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவார்கள். முதல் வருஷத்துக்குப் பன்னிரண்டு பை, 60-க்கு 90 அங்குலத்தில் ஒரு ஒற்றைப் போர்வை, அதில் பத்தே பத்துப் பூக் கட்டங்கள். இதற்கு மேல் வேண்டாம்.

மாசி: மண்ணும் விதையும்

12-க்கு 12 அங்குலச் செடிப் பை ஒன்று, மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால், ஏறக்குறைய 18 லிட்டர் கலவை பிடிக்கும். பன்னிரண்டு பைக்கு 210 லிட்டருக்குச் சற்று மேல். 5 கிலோ தென்னைநார்க் கழிவுக் கட்டி ஒன்று தண்ணீரில் ஊறினால் 70 லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். ஆகவே கணக்கு சுலபம்: ஒரு கட்டி, அதே அளவு செம்மண், அதே அளவு மக்கிய தொழு உரமும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி. பைக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு சேர்த்துப் பிசறி, ஈரம் காயாமல் பத்து நாள் நிழலில் மூடி வைத்துவிட்டுத்தான் விதைக்க வேண்டும். பிண்ணாக்கு மக்கும்போது சூடு வரும். அந்தச் சூட்டில் விதை வெந்துபோகும். “விதை சரியில்லை” என்று கடைக்காரர்மேல் விழும் பழியில் பாதி இந்த அவசரத்தால் வருவது.

நார்க் கழிவை ஒரு தடவையாவது நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். உப்பு இருக்கும் கட்டியில் முளைக்கும் நாற்றின் இலை நுனி கருகும். உரம் கூடிவிட்டது என்று தவறாக எண்ணிக்கொண்டிருப்போம்.

நனைந்த பை ஒவ்வொன்றும் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் இருக்கும் ஓரங்களை ஒட்டி, செங்கல் மேலோ இரும்புத் தாங்கி மேலோ வையுங்கள். பைக்கடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் தளத்தில் பாசி பிடித்துக் கசிவு தொடங்கும்.

மாசிப் பட்டத்துக்கு ஒத்துவருவது வெண்டை, கொத்தவரை, புடலை, பீர்க்கு, கீரை வகைகள். பன்னிரண்டு பையை இப்படிப் பிரிக்கலாம்: வெண்டைக்கு நான்கு, கொத்தவரைக்கு இரண்டு, புடலைக்கும் பீர்க்குக்கும் தலா ஒன்று, மிளகாய்க்கு ஒன்று, கீரைக்கு இரண்டு, மல்லிகைக்கு ஒன்று. தக்காளியைச் சேர்க்கவில்லை. மாசியில் நாற்று விட்டால் அது பூக்கும்போது சித்திரை வந்துவிடும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாத நாட்களில் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் காம்போடு உதிரும். எந்த டானிக் தெளித்தாலும் நிற்காது. அந்தப் பையை வெண்டைக்குக் கொடுத்துவிடுங்கள்.

வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து, பைக்கு மூன்று வீதம் அரை விரற்கணு ஆழத்தில் ஊன்றி, இரண்டு இலை வந்ததும் நோஞ்சானைக் கிள்ளி எடுத்து இரண்டை மட்டும் விடவும். வேரோடு பிடுங்கினால் பக்கத்துச் செடியும் ஆடும், கத்தரியால் வெட்டுவதே நல்லது. நான்கு பேர் வீட்டில் ஒரு வேளைக் கூட்டுக்குக் காய் சேர எட்டுச் செடியாவது இருந்தாக வேண்டும். நான்கு பை ஒதுக்கியது அதனால்தான். விதைத்த நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில் காய்ப்பு வரும். பூ விரிந்த ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கத் தவறினால் காய் நார் ஏறுவதோடு செடியும் “விதை முற்றிவிட்டது, வேலை முடிந்தது” என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

சிறுகீரை, அரைக்கீரை விதை பொடியாக இருக்கும். ஒரு பங்கு விதைக்கு நான்கு பங்கு மணல் கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் கொத்தாக விழாது. சிறுகீரை இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கிக்கொள்ளலாம். அரைக்கீரையை வேரை மண்ணிலேயே விட்டுக் கிள்ளினால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும்.

மாசி மதியங்கள்: சேலையைச் சோதிப்பது

வங்காளத்தில் காந்தா, வட கர்நாடகத்தில் கவுதி என்று பெயர் பெற்ற போர்வைகள் எல்லாம் அடிப்படையில் ஒன்றுதான்: பழைய பருத்தித் துணிகளை அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டிப் போடும் ஓட்டுத்தையலால் ஒன்றாகப் பிடிப்பது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாட்டிமார் தைத்துக் கொடுத்த பழஞ்சேலை விரிப்பும் அதே சாதி. நடுவில் பஞ்சு வேண்டாம். நம் ஊர்க் கோடைக்கு மூன்று அடுக்குப் பருத்தியே போதும்.

தேவை இவ்வளவு: அடிப்பக்கத்துக்கு நல்ல உறுதியுள்ள ஒரு சேலை, நடு அடுக்குக்கு ஒரு எட்டு முழ வேட்டி, மேல் பக்கத்துக்கு நான்கைந்து சேலைகளில் நைந்துபோகாத பகுதிகள்.

முதல் சோதனை, துணி முழுப் பருத்திதானா என்பது. ஓரத்திலிருந்து நான்கு இழை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகி, ஆறியபின் கெட்டி மணியாக உருளும். கலப்புத் துணியை ஒரே போர்வையில் பருத்தியோடு சேர்த்தால், துவைக்கும்போது பருத்தி சுருங்கும், அது சுருங்காது. முடிவில் போர்வை அங்கங்கே பொதபொதவென்று உப்பி நிற்கும்.

இரண்டாவது, பலம். துணியை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுங்கள். சர்ரென்று கிழிந்தால் மேல் பக்கத்துக்கு ஆகாது. சேலையில் முதலில் நைவது கால் பக்கக் கரையும் கொசுவம் விழும் இடமும்தான். உள்முந்தியும் மார்புக்கு மேல் போகும் பகுதியும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். அது தோலை அறுக்கும், துவைக்கத் துவைக்கக் கறுக்கும்.

மூன்றாவது, சாயம். ஈரத் துணிமேல் வெள்ளைத் துணி வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சேலையைத் தனியாக இன்னும் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். அதன் பிறகும் விடுகிறதென்றால், தயவு பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி ஒரு போர்வையையே பணயம் வைக்க வேண்டாம்.

சேலையைத் தேர்ந்தெடுக்கும்போதே பின்னால் வரும் வேலையையும் நினைத்துக்கொண்டால் நல்லது. காரைக்குடிக் கண்டாங்கியின் கட்டங்கள் இழை நேராக ஓடுவதால் வெட்டுவதற்கு அவையே அளவுகோல். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில் புள்ளிகள் வரிசையாக இருந்தால், புள்ளிக்குப் புள்ளி ஊசியை ஓட்டிக்கொண்டே போகலாம். பென்சில் கோடு தேவைப்படாது. பெரிய கொடிப்பூ அச்சுள்ள சேலைகள் முழுதாகப் பார்க்க அழகு. ஆறு அங்குலத்துக்கு நறுக்கினால் என்னவென்றே தெரியாது.

வெட்டும் இணைப்பும்

பழைய துணி வழவழவென்று நழுவும். லேசான வடிகஞ்சி போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டு வெட்டினால் மூலை கோணாது. ஒரு எச்சரிக்கை: கஞ்சி போட்ட துணியைக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். தைத்து முடியும்வரை மூடியுள்ள டப்பாவில்தான் துண்டுகள் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டமும் 6½ அங்குலச் சதுரம். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் 6 அங்குலம் மிஞ்சும். அகலத்துக்குப் பத்து, நீளத்துக்குப் பதினைந்து, மொத்தம் 150 கட்டங்கள். 45 அங்குல அகலச் சேலையில் ஒரு வரிசைக்கு ஆறு கட்டம் விழும். அதாவது நைந்த இடமே இல்லாத துணியாக இருந்தால் நாலேகால் மீட்டரில் எல்லாக் கட்டமும் முடிந்துவிடும். நான்கைந்து சேலையிலிருந்து எடுக்கும்போது தாராளம்.

அளவுச் சதுரத்தை அட்டையில் செய்யாதீர்கள். பென்சில் உரச உரச அட்டை விளிம்பு தேய்ந்து, ஐம்பதாவது கட்டம் முதல் கட்டத்தின் அளவில் இருக்காது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலோ கெட்டிப் பிளாஸ்டிக் ஃபைல் அட்டையிலோ வெட்டி வைத்தால் கடைசிவரை ஒரே அளவு.

இணைப்பதை மெஷினில் செய்வதே புத்திசாலித்தனம். அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழும்படி வைத்து, கால் அங்குலம் மாறாமல் ஓட்டுங்கள். அழுத்துகாலின் பக்கத்தில் தட்டின்மேல் ஒரு ஒட்டுநாடாத் துண்டைக் கால் அங்குலக் குறியாக ஒட்டிக்கொள்ளலாம். இந்தக் கால் அங்குலத்தில் பொடிப் பிசகு என்ன செய்யும் என்று பாருங்கள்: ஒரு தையலில் பதினாறில் ஒரு அங்குலம் உள்ளே போனால் இரண்டு துண்டிலுமாக எட்டில் ஒரு அங்குலம் குறைகிறது. பத்துக் கட்ட வரிசையில் ஒன்பது தையல். வரிசையே ஒரு அங்குலத்துக்கு மேல் குட்டையாகிவிடும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படி ஒட்டும்?

முதல் வரிசைத் தையல் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கமும், அடுத்த வரிசையை இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வரிசைகளை ஒன்றோடொன்று வைக்கும்போது மடிப்புகள் படிபோல ஒன்றில் ஒன்று பொருந்தி, நான்கு மூலையும் ஒரே புள்ளியில் சேரும். இஸ்திரியைத் துணிமேல் வைத்து எடுக்க வேண்டும். இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

பத்துப் பூக்கள்

வரிசைகளை இணைக்கும் முன்பே பூக் கட்டங்கள் தயாராக வேண்டும். 6½ அங்குலத்துக்கு வெட்டிய துண்டில் பூத்தைக்காதீர்கள். தையல் துணியை உள்ளிழுத்துக்கொள்ளும், கட்டம் சிறுத்துவிடும். 9 அங்குலத் துண்டில் தைத்து, துவைத்து, பின்பக்கமாக இஸ்திரி போட்டு, பூ நடுவில் வரும்படி கடைசியாக 6½-க்கு வெட்டுங்கள்.

எந்தப் பூ? மாடிக்கு ஏறினால் மாதிரி அங்கேயே இருக்கிறது. அச்சுப் புத்தகத்து ரோஜாவைவிட, காலையில் பறித்துக் கையில் வைத்துப் பார்த்த வெண்டைப்பூ நூலில் நன்றாக வரும். ஆறு இழை கொண்ட 8 மீட்டர் பூத்தையல் நூலில் இரண்டு இழையைப் பிரித்து எடுத்துத் தைத்தால் 6 அங்குலக் கட்டத்துக்கு அளவாக இருக்கும். ஊசிக்கு நூல் ஒரு முழத்துக்கு மேல் போக வேண்டாம். நீள நூல் ஒவ்வொரு தடவையும் துணிக்குள் உரசிப் பஞ்சுபஞ்சாகி, கடைசியில் போடும் இதழ் மங்கலாகத் தெரியும்.

வெண்டைப்பூவுக்கு வெளிர் மஞ்சளில் ஐந்து இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. இதழை நிரப்பும் அடைப்புத் தையலின் ஒரு நூல் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வளையலிலும் கொலுசிலும் மாட்டி உருவிக்கொள்ளும். பெரிய இதழை விளிம்பிலிருந்து ஒரு சுற்று, நடுவிலிருந்து ஒரு சுற்று என்று நீளமும் குட்டையுமாக மாறிமாறி நிரப்ப வேண்டும். கருஞ்சிவப்பை மஞ்சளுக்குப் பிறகு தைத்தால் இரண்டும் சேரும் இடம் இயல்பாகக் கலக்கும்.

கத்தரிப்பூ ஊதா, நடுவில் ஐந்தாறு மஞ்சள் முடிச்சு. முடிச்சுக்கு நூலை ஊசியில் இரண்டு சுற்று சுற்றி, நூல் வெளியே வந்த துளையிலேயே ஊசியைத் திரும்ப இறக்காமல் ஒரு இழை தள்ளி இறக்குங்கள். அதே துளையில் இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும். பலரும் “முடிச்சுத் தையல் வராது” என்று கைவிடுவது இந்த ஒரு இழை வித்தியாசத்தில்தான்.

கனகாம்பரத்துக்குச் சங்கிலித் தையலின் தனி வளையங்கள், விசிறிபோல ஒரே பக்கமாக விரிந்து. கனகாம்பர இதழ் சுற்றிலும் இருக்காது, ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். சுற்றிலும் ஐந்து இதழ் போட்டால் அது வேறு ஏதோ பூ.

மல்லிகைக்கு நிறத்தைவிடப் பின்புலம்தான் முக்கியம். வெள்ளை நூல் அரக்குச் சேலைத் துண்டிலோ கரும்பச்சையிலோதான் எழும்பும். விரிந்த பூவைவிட மொட்டு சுலபம்: காம்புத் தையலில் மெல்லிய தண்டு, மேலே கொழுத்த மொட்டு. மொட்டுக்கு அடியில் முதலில் நீளவாக்கில் நான்கைந்து ஓட்டுத்தையல் போட்டு, அதன்மேல் குறுக்காக அடைப்புத் தையல் போட்டால் மொட்டு உப்பலாக வரும். காம்புத் தையலில் நூல் எப்போதும் ஊசியின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு தடவை மேல், ஒரு தடவை கீழ் என்று மாறினால் முறுக்கு உடைந்து தண்டு கோணல் கோடாகும்.

பத்தில் மிக அழகாக வருவது புடலைப்பூ என்பது எங்கள் கட்சி. வெள்ளை இதழ் ஓரத்தில் நூல் நூலாகத் தொங்கும் அந்தக் குஞ்சத்தை ஒற்றை இழையில், நீளம் ஒன்றுபோல இல்லாமல், நேர்த்தையலால் இழுத்து விட்டால் போதும். பூவே ஏற்கெனவே பூத்தையல் போட்ட மாதிரிதான் இருக்கும்.

துணியில் படம் எடுக்க மஞ்சள் அல்லது வெள்ளைத் தையல் கார்பன் வாங்குங்கள். ஆபீஸ் நீலக் கார்பனும் பால்பாயின்ட் பேனாவும் துவைத்தாலும் போகாது. பூத்தைக்கத் துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தை அன்றன்று கழற்றிவிடுங்கள், ஒரு வாரம் மாட்டியே வைத்தால் வட்டத் தடம் நிரந்தரம். பூவிலிருந்து பூவுக்கு அரை அங்குலத்துக்கு மேல் பின்பக்கமாகத் தாவாமல் நூலை வெட்டுவது நல்லது. கருநூல் வெளிர்த் துணியில் நிழல்போலத் தெரியும்.

ஆரி வேலை தெரிந்தவர்களுக்கு இங்கேயும் கை பரபரக்கும். பட்டு நூலும் மணியும் ரவிக்கைக்கு இருக்கட்டும். வாரம் ஒருமுறை துவைத்து, பிள்ளைகள் புரளும் போர்வைக்குப் பருத்தி நூல் மட்டுமே தாக்குப்பிடிக்கும்.

கைக்கு ஒரு குறிப்பு. மண் அளைந்த விரலின் சொரசொரப்பு ஒற்றை இழையைப் பிய்த்துவிடும். ஒரு கரண்டி சர்க்கரையும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் சேர்த்துத் தேய்த்து, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, கால் மணி கழித்துத் துணியைத் தொடலாம். எண்ணெய்க் கையோடு தொட்டால் வெள்ளை நூல் அன்றே பழுப்பாகும்.

பங்குனி: மாடியில் கவனம்

கொடிகளில் முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண்பூ மட்டும் பூத்து உதிரும். அதைப் பார்த்துப் பயந்து மருந்தடிக்க வேண்டாம். பெண்பூவின் கீழே விரலளவு பிஞ்சு ஒட்டியிருக்கும். அது வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால், மகரந்தம் சேரவில்லை என்று பொருள். மூன்றாம் நான்காம் மாடிக்குத் தேனீ வருவது குறைவு. பீர்க்கும் புடலையும் மாலையில் விரிபவை. ஆறு, ஆறரைக்குப் போய் ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் மெல்ல ஒற்றிவிடுங்கள். காலையில் போய் இதைச் செய்பவர்கள் வாடின பூவோடு மல்லுக்கு நிற்கிறார்கள். வெள்ளரி, பாகல், பூசணிக்குத்தான் காலை.

வெயில் ஏற ஏறச் சிலந்திப்பேன் வரும். இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தினாற்போல வெளிர்ப் புள்ளிகள், அடியில் நுண்ணிய வலை. வறண்ட சூட்டில்தான் அது பெருகும் என்பதால் முதல் மருந்து தண்ணீர்: இரண்டு நாளுக்கு ஒருமுறை அதிகாலையில் இலையின் அடிப்பக்கம் விசையாகப் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில் மட்டும். வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை பொரிந்துவிடும். சோப்பு இல்லாமல் தெளித்தால் எண்ணெய் மேலே மிதந்து, முதல் செடிக்குத் தண்ணீரும் கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெயும் போகும்.

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாக வலைபோல ஓடினால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் நச்சுயிரி நோய். குணப்படாது. அன்றே பிடுங்கிப் பையில் கட்டி எறிந்தால்தான் மற்ற ஏழு செடி தப்பும்.

மல்லிகைக்குக் கவாத்து கார்த்திகையில் முடிந்திருக்க வேண்டும். நவம்பர் கடைசியில் செடியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிவிட்டால் மார்ச்சிலிருந்து பூ குவியும். தவறவிட்டவர்கள் இப்போது முழுக்க வெட்டாமல் காய்ந்த குச்சியையும் நோஞ்சான் கிளையையும் மட்டும் எடுத்துவிடுங்கள். இளம் இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சாதாரணம். நாட்டுமருந்துக் கடை அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் நிறம் திரும்பும்.

மூன்று அடுக்கைச் சேர்ப்பது

பங்குனிக் கடைசியில் மேல்பக்கம் தயாராகிவிடும். அடிச்சேலையை 94 அங்குலம் வீதம் இரண்டு துண்டாக வெட்டி, நீளவாக்கில் இணைத்தால் 89 அங்குல அகலம் கிடைக்கும். அதில் 64-ஐ வைத்துக்கொண்டு மீதி 25 அங்குலப் பட்டையை ஓரம் கட்ட எடுத்து வையுங்கள். நடு வேட்டியில் 94 அங்குல நீளம் முழு அகலத்துக்கு வெட்டிக்கொண்டு, குறையும் அகலத்துக்கு மிச்சத் துண்டை ஒட்டுப்போடலாம். ஒட்டும் இடத்தில் துணியின்மேல் துணி ஏறாமல், விளிம்போடு விளிம்பு முட்டவைத்துச் சுற்றுத்தையலால் பிடிக்கவும். ஏறினால் அந்தக் கோடு போர்வை முழுக்க வரப்புபோல் தடவுபடும்.

அறையைப் பெருக்கித் துடைத்து, அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் தரையோடு பிடியுங்கள். இறுக்கி இழுக்க வேண்டாம், சுருக்கமில்லாமல் இருந்தால் போதும். இழுத்து ஒட்டினால் நாடாவை எடுத்ததும் அது திரும்பச் சுருங்கி மேல்துணியில் சுருக்கம் விழும். அதன்மேல் வேட்டி, அதன்மேல் கட்டத் துணி, நல்ல பக்கம் மேலே. நடுவிலிருந்து ஓரத்துக்குக் கைவிரித்துத் தடவி, மாறுபட்ட நிற நூலில் இரண்டு அங்குல நீளத் தற்காலிகத் தையலை நான்கு அங்குல இடைவெளியில் நெடுகப் போடுங்கள். ஊக்குக் குத்தினாலும் ஆகும். ஆனால் கடலோர ஊர்களில் ஒரு மாதம் ஊக்கு துணியில் கிடந்தால் துருக்கறை நிச்சயம், அது எதற்கும் போகாது.

இனி ஓட்டுத்தையல். ஒவ்வொரு 6 அங்குலக் கட்டத்திலும் 1, 3, 5 அங்குலத்தில் ஒரு கோடு. இப்படிப் பிரித்தால் எந்தக் கோடும் இணைப்புத் தையலின் தடித்த மடிப்பில் ஏறாது, கோடுகளுக்குள் இடைவெளியும் எங்கும் இரண்டு அங்குலம்தான். பத்துக் கட்ட அகலத்துக்கு முப்பது கோடு. கோட்டுக்கு 90 அங்குலம். நிதானமாகத் தைத்தால் அரை மணியிலிருந்து முக்கால் மணி. சித்திரையின் ஒவ்வொரு மதியத்துக்கும் ஒரு கோடு என்று வைத்தால் மாதக் கணக்கு சரியாக வருகிறது.

நூல் மூன்று இழை, அங்குலத்துக்கு நான்கு தையல். எட்டு மீட்டர்க் கட்டில் மூன்றிழையாகப் பிரித்தால் பதினாறு மீட்டர் கிடைக்கும். முடிச்சு, வெட்டுத்துண்டு எல்லாம் சேர்த்து ஏழு கட்டு வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கும் கட்டு நிறத்தில் ஒரு நூல் வித்தியாசமாக இருந்தாலும் தெரியும்.

முதல் கோடு நடுவில். பிறகு வலப்பாதி, பிறகு இடப்பாதி. ஓரத்திலிருந்து தொடங்குபவர்கள் நடுவுக்கு வரும்போது துணி அலையாகக் குவிந்து நிற்கும். அதைத் தட்டையாக்க வழியே கிடையாது. தொடங்கும்போது சிறு முடிச்சுப் போட்டு, மேல்துணிக்குள் நுழைத்து ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு நடு அடுக்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இடக்கை எப்போதும் அடியில் இருந்து ஊசி மூன்று அடுக்கையும் தொட்டதா என்று உணர வேண்டும். நான்கைந்து தையலை ஊசியிலேயே கோத்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுங்கள். இழுத்தபின் கோட்டை விரலால் ஒரு தடவை நீவிவிட்டால் இறுக்கம் சமப்படும். கோடு சுருங்கி நின்றால் நூல் இறுகிவிட்டது என்று பொருள். பிரித்துவிட்டுத் தைப்பதே மேல். துவைத்தால் சரியாகும் என்று விட்டால் இன்னும் சுருங்கும்.

பூக் கட்டம் வரும் இடத்தில் நடுக்கோட்டை நிறுத்துங்கள். பூவைச் சுற்றிக் கால் அங்குலம் தள்ளி, பூவின் உருவத்திலேயே ஒரு சுற்று ஓட்டுத்தையல் போட்டால் பூ தானாக மேலெழும்பித் தெரியும்.

வியர்வைக் கையில் ஊசி நழுவும், துருவும் ஏறும். கொஞ்சம் டால்கம் பவுடர் கைக்கு, ஒரு ஈரமில்லாத துணி மடியில். மின்விசிறியை நேராக முகத்துக்கு வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால் நூல் பறக்காது.

கத்தரி வெயில்

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரை. அதற்கு முன்பே, பங்குனி முடிவிலேயே, 50 சதவீத நிழல் வலை ஏறிவிட வேண்டும். செடியைத் தொடாமல் ஏழடி உயரத்தில் கட்டினால்தான் அடியில் காற்று ஓடும். 75 சதவீத வலை விலை கூட, அதனால் நல்லது என்று வாங்கினால் வெண்டை வெளிச்சம் தேடி ஒல்லியாக ஓடும், பூக்காது.

12 அங்குலப் பைக்கு இந்நாட்களில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், காலையும் மாலையுமாகப் பிரித்து. வெயிலில் கிடந்த குழாயின் முதல் தண்ணீர் கொதிக்கும். அதை வாளியில் பிடித்துவிட்டு, குளிர்ந்து வந்ததும் செடிக்குக் காட்டுங்கள். மதியம் ஒரு மணிக்கு இலை தொங்குவதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்ற ஓடாதீர்கள். நீரிழப்பைக் குறைக்கச் செடி தானே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. மாலை நிமிர்ந்துவிடும். விடிகாலையிலும் தொங்கினால்தான் தாகம், அல்லது வேரழுகல். விரலை இரண்டு கணு உள்ளே விட்டால் எது என்று தெரிந்துவிடும்.

நார்க் கழிவு ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது பையின் ஓரமாக வழிந்து அடியில் ஓடிவிடும். நாமும் நிறைய ஊற்றினோம் என்று நிம்மதியாக இருப்போம். பையைத் தண்ணீர்த் தொட்டியில் இருபது நிமிடம் உட்காரவைத்து எடுங்கள். தூக்க முடியாவிட்டால் குச்சியால் ஆழத் துளையிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தடவை ஊற்றவும். பிறகு தேங்காய் மட்டையோ சருகோ இரண்டு அங்குல மூடாக்கு, தண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி.

வைகாசி: ஓரம் கட்டுதல், மண்ணுக்கு ஓய்வு

மூன்று அடுக்கின் ஓரத்தையும் மேல்துணி அளவுக்கு நேராக வெட்டிவிட்டு, மிச்சம் வைத்த பட்டையிலிருந்து 2½ அங்குல அகலத்தில் நான்கு நாடா எடுங்கள். சுற்றளவு 300 அங்குலம், மூலைக்கும் முடிவுக்கும் பத்து சேர்த்தாலும் நான்கு நாடாவில் மிச்சம் வரும். நாடாக்களைச் சாய்வாக இணைக்க வேண்டும். நேராக இணைத்தால் மடிப்பெல்லாம் ஒரே இடத்தில் விழுந்து ஓரம் புடைக்கும். நீளவாக்கில் பாதியாக மடித்து, மடியாத விளிம்பைப் போர்வையின் முன்பக்க ஓரத்தோடு வைத்துக் கால் அங்குலத்தில் மெஷின் தையல். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, நாடாவை மேல்நோக்கி மடித்து, திரும்ப அடுத்த ஓரத்தோடு கீழ்நோக்கி மடித்துத் தைத்தால் கூர்மையான மூலை. பின்பக்கம் திருப்பிக் கையால் மறைதையல்.

முதல் சலவை குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சோப்பில். கஞ்சியும் பென்சில் கோடும் அப்போதுதான் போகும். நனைந்த போர்வையை ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் பாரத்தில் ஓட்டுத்தையல் அறும். இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே விரித்து நிழலில் உலர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடித்து வைத்தால் மடிப்புக் கோட்டில் நையாது.

இதற்குள் மாடியில் வெண்டை முடியும் கட்டம். ஒரு நல்ல செடியில் இரண்டு காயை முற்றவிட்டு, தோல் வெடிக்கத் தொடங்கும்போது பறித்து நிழலில் உலர்த்தினால் ஆடிப்பட்டத்துக்கு விதை தயார். கடையில் ஒட்டுரக விதை வாங்கியவர்கள் இதைச் செய்ய வேண்டாம், அடுத்த தலைமுறை தாய்ச்செடிபோல் வராது.

காலியான பைகளின் மண்ணைக் கொட்டி, வேரைப் பொறுக்கி எடுத்து, நனைத்து, அரையடி உயரத்துக்குப் பரப்பி, நிறமில்லாத பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் நான்கு வாரம் மூடி வையுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். கண்ணாடித் தாளின் வழியாகத்தான் வெயில் உள்ளே போய் மண்ணைச் சுடவைக்கும். நூற்புழுவும் பூஞ்சைகளும் அந்தச் சூட்டில் அடங்கும். திறந்ததும் மூன்றில் ஒரு பங்கு புது மண்புழு உரம் கலந்து பைகளில் நிரப்பிக்கொள்ளலாம்.